பெண் பார்க்கப் போன சோபா

எங்கள் கடைச் சாமான்களிலேயே அதிகமாக ஊர் சுற்றியது அந்த சோபாதான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் நாங்கள் பிரெஞ்சு பாணி பர்னிச்சர் கடை வைத்திருக்கிறோம். பிரான்சுக்கு நான் போனதில்லை. அந்த சோபாவும் போனதில்லை. வடநாட்டில் ஏதோ ஓர் ஊரில் இழைத்து, தங்க வர்ணம் பூசி, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். வந்து இறங்கும்போதே செதுக்கிய பூவில் ஓர் இதழ் உடைந்திருக்கும். பசை வைத்து ஒட்டி, அதன்மேல் கொஞ்சம் தங்க வர்ணத்தைத் தொட்டு வைத்தால் பிரான்ஸ் தயார்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, எங்கள் சொந்தத்தில் மற்றவர்கள் செய்வதைப் போல அவரும் மில் வாசலிலோ பேங்க் வாசலிலோ காவலுக்கு உட்காருவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் விடவில்லை. இந்தப் பக்கம் புதுப் பங்களாக்கள் கண்ட இடத்தில் எல்லாம் எழும்பிக்கொண்டிருந்தன. வாசலில் யானைக்கால் பருமனில் தூண், மாடியில் கண்ணாடிக் கைப்பிடி, உள்ளே போனால் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. இந்த இடத்தில்தான் நமக்குப் பிழைப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. பங்களாக்காரர்கள் சோபா வாங்கத்தான் செய்தார்கள், ஆனால் கோயம்புத்தூருக்குப் போய் வாங்கினார்கள். உள்ளூரில் வாங்கினால் என்ன விலை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துபோகுமாம். தெரியாவிட்டால்தானே கூட்டிச் சொல்ல முடியும்.

என் கடைக்கு வந்தவர்கள் பார்க்க வந்தவர்கள். "காலு ஏன் வளைஞ்சிருக்கு? வெயிட்டு தாங்கலையோ?" என்று கேட்பார்கள். வெள்ளை வர்ணம் அடித்து, ஓரங்களைத் தேய்த்து, பழசு போலக் காட்டும் அலங்கார மேஜை ஒன்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புதுசு இல்லையா?" என்பார்கள். புதுசுதான், பழசு மாதிரி செய்திருக்கிறார்கள் என்பேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவார்கள். சாய்ந்து படுக்கிற நீள இருக்கை ஒன்றும் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் கை. மகளுக்குச் சீர்ச் சாமான் வாங்க வந்த தளவாய்புரத்துக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இன்னொரு கைய எங்கம்மா? லாரியிலயே விட்டுட்டாகளா?" என்றார். மாடலே அப்படித்தான் என்றேன். "மூளிச் சாமானச் சீருக்கு வைக்கலாமா? நல்லாச் சொன்னீக போங்க" என்று கோபித்துக்கொண்டு, எதிர்க் கடையில் ஒரு ஸ்டீல் பீரோ வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துத் தெருத் தெலுங்கு அம்மா ஒருவர் அடிக்கடி வருவார். எல்லாவற்றையும் தடவிப் பார்த்து "பாகுந்தி, பாகுந்தி" என்பார். காபி குடிப்பார். போய்விடுவார். பிரெஞ்சுக் கலையை இந்த ஊரில் மனதாரப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான் என்பதால் நானும் காபியை நிறுத்தவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. "சோபா நல்லாத்தான் இருக்கு. வீட்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றோம்" என்பார்கள். ஹாலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நியாயம்தானே என்று நானும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வரும். "ஹால் சின்னதாப் போச்சு" என்பார்கள். அடுத்த வீட்டில் "கலர் ஒத்து வரல." அதற்கடுத்த வீட்டில் "வாஸ்துப்படி அந்த மூலையில கனம் ஏத்தக் கூடாதாம்." போகும்போது வெறும் சோபாவாகப் போகும். வரும்போது இடுக்குகளில் மல்லிகைப் பூவும், பாதி கடித்த மிச்சரும், சில நேரம் ஒரு குழந்தையின் கொலுசும் இருக்கும். எல்லா வீட்டு ஹாலும் முகூர்த்த நாளாகப் பார்த்து ஏன் சின்னதாகிறது என்று எனக்கு மட்டும் உறைக்கவில்லை. என் மகள்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ம்மா, பொண்ணு பாக்க வாரவுக ஒக்கார நம்ம சோபா போயிட்டு வருது. நீ கலர் சரியில்லன்னு கவலப்பட்டுக்கிட்டு இருக்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்து வருபவனை வாசலிலேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தேன். என் வீட்டுக்காரர்தான் கெடுத்தார். கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய மச்சான்கள். எல்லையில் சுடச் சொன்னால் சுடுவார். இல்லை என்று சொல்லச் சொன்னால் மட்டும் முடியாது. "போயிட்டுத்தான வருது, தேயவா போகுது?" என்பார். ஆகவே சோபா போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிறிஸ்தவ வீட்டு ஜெபக் கூட்டத்துக்குக்கூடப் போனது. போதகர் அதில் உட்கார்ந்து எங்கள் கடைக்காகவும் ஜெபித்தாராம். அந்த வாரம் இரண்டு திரைச்சீலை விற்றது, அதை நான் மறுக்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும்தான் சோபாவுக்கு ஓய்வு. அப்போது யாருக்கும் ஹால் அளவில் சந்தேகம் வராது.

வன்னியம்பட்டியிலிருந்து திரும்பி வந்தபோது அதன் கைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஹவில்தார், என் வீட்டுக்காரரோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவர். அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மாப்ள பையன் கை நடுங்கிக் கொட்டிட்டான் தங்கச்சி, நாம என்ன செய்ய? கடைச் சாமான்னு சொல்லவா முடியும்?" என்றார். சொல்லிவிட்டு, சோபா கொஞ்சம் மெத்தென்று இல்லை என்று ஒரு குறையையும் வைத்துவிட்டுப் போனார். சோப்பு நுரை, எலுமிச்சை, பேக்கிங் சோடா, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் போட்டுத் தேய்த்தும் கறை மஞ்சளாக நின்றுவிட்டது. குஞ்சம் வைத்த ஒரு திண்டை அதன்மேல் சாய்த்து வைத்தேன். அந்த மாப்பிள்ளை அமையவில்லை என்றும், ஆனால் கொஞ்ச நாளிலேயே அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிவாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். நல்ல பெண். சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் மகளுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. கடையில் நிற்கிற பெண் என்றார்கள். வாய் பேசுகிறாள் என்றார்கள். பேசாமல் எப்படித் திரைச்சீலை விற்பது? வருகிறவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு "தகவல் சொல்றோம்" என்று போனார்கள். அவளும் அதைப் பற்றி ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். புடவையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் வயிறு எரியும்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று புரோக்கர் ஏற்பாடு செய்தார். இந்தக் காலத்தில் அது சாதாரணம். சாதாரணமில்லாமல் இருந்தது என் மகள்தான். மொட்டை மாடியில் நின்று அவள் போனில் சிரிக்கிற சத்தம் கீழே அடுப்படி வரை கேட்டது. "போங்க மாமா" என்று ஒருதரம் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. தோசை கருகியது. கருகட்டும் என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இது மட்டும் நல்லபடியாக முடிந்துவிட வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி பாக்கியில்லை.

அவர்கள் வருகிற நாள் நெருங்கியபோதுதான் ஹாலைச் சரியாகப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பிரெஞ்சு பாணி சொல்லிக்கொடுக்கிற என் வீட்டில் ஒரு சோபா கிடையாது. என் வீட்டுக்காரர் பென்ஷனில் வாங்கிய ஒயர் நாற்காலி இரண்டும், கல்யாண வீட்டிலிருந்து தவறி வந்துவிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும்தான் கிடந்தன. கடையில் இருப்பதிலேயே அழகானது அந்த சோபா. கடை முன்னால், வீடு பின்னால். வண்டிகூட வேண்டாம். நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கி வந்து ஹாலில் போட்டோம். கறைமேல் திண்டைச் சாய்த்தேன். எங்கள் சோபா, எங்கள் வீடு, எங்கள் பெண். அந்த சோபா முதன்முதலாக நியாயமான ஓர் இடத்தில் கிடந்தது.

வந்தார்கள். பையனுடைய அம்மாவுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பார்வை. மின்விசிறி என்ன கம்பெனி என்பதிலிருந்து ஆரம்பித்தார். பையன் சாதுவாக இருந்தார். மகள் காபித் தட்டோடு வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. முடிந்தது, தேதிதான் குறிக்க வேண்டும் என்றே நினைத்துவிட்டேன். அந்த அம்மா வசதியாகச் சாய்ந்து உட்காருவதற்காகத் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கறையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஏலே, இது நீ காபி கொட்டுன எடந்தான?"

பையன் தரையைப் பார்த்தார்.

"வன்னியம்பட்டியில அவிய வீட்ல கெடந்த சோபாவுல்ல இது? இந்தா, இந்தப் பூவுல ஒட்டுப் போட்டிருக்கே. நான் அன்னைக்கே பாத்தேனே" என்று என் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு ஜாதகம் ஒத்து வரல. நாந்தான் எங்க அண்ணன் மகனுக்கு அந்தப் பிள்ளையச் சொல்லி முடிச்சு வச்சேன். சோபா கீபா எல்லாம் போட்டு நல்ல வசதியா இருக்காகன்னு எங்க அண்ணங்கிட்ட அம்புட்டுத் தூரம் சொல்லியிருக்கேன். அவிய சோபா இங்க எப்படி வந்துச்சு?"

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் கம்பெனியை இப்போதுதான் படிக்கிறவர்போல. எனக்குப் பதில் தயாராக இருந்தது. "அது எங்க சோபாம்மா, அவிய எரவல் வாங்கிட்டுப் போனாக" என்று சொன்னால் போதும். ஒரே வரி. பொய்யும் இல்லை. அந்த ஹவில்தார் மகள் கல்யாணம் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் என் மனதில் வரவே இல்லை. எனக்கு என் மகள் மாடியில் சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது.

வாயைத் திறந்தேன். "அது எங்க…" என்பதற்குள் மகள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவிய சோபாதான் அத்தை" என்றாள். "காபிக் கறை போகலன்னு துணி மாத்த எங்க கடையில குடுத்திருக்காக. கல்யாணத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கணும். எங்க வீட்ல சோபா கெடையாது. அதான் இன்னைக்கு மட்டும் எடுத்துப் போட்டுக்கிட்டோம்."

"அவியகிட்டக் கேட்டுட்டா?"

"கேக்கல அத்தை."

என் சொந்த சோபாவின் முன்னால், என் சொந்த வீட்டில், நான் இரவல்காரியாக நின்றேன். அந்த அம்மா மடியிலிருந்த திண்டை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார், அதுவும் யார் வீட்டுப் பொருளோ என்பதுபோல. கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார். "கடைய நம்பிக் குடுத்த சாமானத் தூக்கி வீட்ல போட்டுக்கிட்டா, நாளைக்கு எங்க வீட்ல வந்து என்ன செய்யும்?" என்று யாரிடமும் என்றில்லாமல் சொன்னார். பிறகு எழுந்து, "போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்றார். பையன் எல்லோருக்கும் பின்னால் போய் வாசலில் செருப்பைத் தேடினார். எதிரே கிடந்த செருப்பை ரொம்ப நேரம் தேடினார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உன் வாழ்க்கையாட்டி!" என்று கத்தினேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ உள்ளதச் சொல்லியிருந்தா எனக்குக் கூடியிருக்கும்மா. அந்தப் பிள்ளைக்குக் கலைஞ்சிருக்கும். அங்க பத்திரிக அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. எனக்கு இன்னும் அடிக்கல, அவ்வளவுதான்."

என்னைவிட அவள் பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று பெருமைப்பட வேண்டிய இடம். எனக்குப் பெருமை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யாரோ பெற்ற பெண்ணுக்காக என் பெண் ஏன் தோற்க வேண்டும்?

தகவல் புரோக்கர் மூலம் வந்தது. என்ன தகவல் என்று எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்னாயிற்று, அதற்கு ஒரு சோபாவும் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் வன்னியம்பட்டிக்குப் போவார்களே. அதே சோபாவுக்கு ஊதாவில் தங்கப் பூப்போட்ட புதுத் துணி போட்டு, குட்டியானையில் ஏற்றி, என் வீட்டுக்காரரே கொண்டுபோய் இறக்கினார். நண்பனின் மகளுக்குக் கல்யாணப் பரிசு என்று சொன்னார். நடந்தது எதையும் சொல்லவில்லை, மகள் சொல்லக் கூடாது என்றுவிட்டாள். ஹவில்தார் கண்கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். பிறகு செத்த நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பழைய துணியே எடுப்பா இருந்துச்சுல்ல?" என்றாராம். இதை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னபோது நான் கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். நல்லவேளை, பட்டாளத்து ஆள், விலகிவிட்டார்.

அந்தக் கல்யாணம் நன்றாக நடந்தது. மணமேடையில் அந்தப் பெண் நிறைந்து நின்றாள். என் மகள் போட்டோவுக்கு அவள் பக்கத்தில் நின்று சிரித்தாள். போனில் சிரித்த சிரிப்பு அது இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்த வாத்தியாரும் வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியான நேரம் அந்தப் பையன் தனியாகக் கடைக்கு வந்தார். டைனிங் டேபிள் பார்க்க வந்தேன் என்றார். நான் உள்ளே திரைச்சீலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் மகள் இருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்பது தப்புதான். என் கடை, என் திரைச்சீலை, நான் கேட்டேன்.

"நீங்க சொன்னது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் அவர். "நிச்சயத்துக்குப் பழத்தட்டு குடுக்க வன்னியம்பட்டி வீட்டுக்கு நான்தான் போனேன். சோபா எங்கன்னு கேட்டேன். புடிக்கல, உங்க கடைக்கே திருப்பி அனுப்பிட்டேன்னு பொண்ணோட அப்பா சொன்னாரு. அது உங்க சோபான்னு எனக்குத் தெரியும். நீங்க யாருக்காகச் சொன்னீங்கன்னும் தெரியும்."

மகள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் கோவம் ஆறட்டும். அவங்க மறந்துருவாங்க. பொறவு நான் மெதுவாப் பேசிப் பாக்கேன். அது வரைக்கும் நாம போன்ல…"

"எல்லாம் தெரிஞ்சேதான் அன்னைக்குக் குனிஞ்சு ஒக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"அம்மா முன்னாடி எப்படிங்க பேச முடியும்?"

"அந்தப் பிள்ளையப் பத்திப் பேசச் சொல்லல. சோபாவப் பத்திப் பேசச் சொல்லல. 'யாரு சோபாவா இருந்தா நமக்கென்ன, வந்த காரியத்தப் பேசுங்கம்மா'ன்னு ஒரு வார்த்தை. அது போதும்னு இருந்துச்சு எனக்கு."

அவர் டேபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் திரைச்சீலையைக் கையில் பிடித்தபடி, ஏதாவது சொல்லுடா, இப்போதாவது ஏதாவது சொல்லு என்று மனதுக்குள் அந்தப் பையனைக் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

அவர் குனிந்து டேபிளின் வளைந்த காலைப் பார்த்தார்.

"அம்மா" என்று மகள் என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "சாருக்கு டைனிங் டேபிள் பாக்கணுமாம். காட்டுங்க."

என்னைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். கதவுக்குப் பின்னால் என் பெண் அழுகிற சத்தம் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, மரம் எந்த ஊர் மரம், பாலிஷ் எத்தனை கோட்டு, கால் ஏன் வளைந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கடை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.